நைட்லி ரன் பற்றி மீனாவுக்கு

கோயம்புத்தூர்

அன்புள்ள மீனாவுக்கு,

சித்தி எழுதுகிறேன். போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் உன்னையோ என்னையோ யாராவது மீட்டிங்குக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். எழுதிவிட்டால் நீ உன் நேரத்துக்குப் படிக்கலாம், சண்டையும் போடலாம்.

உன் லீட் கேட்பது புரிகிறது. ராத்திரி ஓடும் ஸ்கிரிப்ட்டுகளில் தினமும் சில விழுந்து கிடக்கின்றன. காலையில் கையால் ஓட்டிப் பார்த்தால் பாஸ் ஆகின்றன. ஆன்சைட் கால் தொடங்குவதற்குள் ரிப்போர்ட் பச்சையாக வேண்டும். அதனால் விழுந்ததைத் தானே மறுபடி ஓட்டும் ஒரு பைட்டெஸ்ட் பிளகின் எழுதித் தரச் சொல்கிறார். முதல் தடவையாக டூல் எழுதும் வேலை உன்னிடம் வந்திருப்பதில் எனக்குப் பெருமைதான் கண்ணு. ஆனால் அந்தப் பிளகினை நீ எழுத வேண்டியதே இல்லை. பைட்டெஸ்ட்-ரீரன்ஃபெயிலியர்ஸ் என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. பிப்பில் ஒரு வரி போட்டால் வந்துவிடும். ஓட்டும் கட்டளையில் ரீரன்ஸ் 2 என்று கொடுத்தால், விழுந்த சோதனையை இரண்டு முறை வரை திரும்ப ஓட்டும். நடுவில் எத்தனை நொடி பொறுக்க வேண்டும் என்றும் சொல்லலாம். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் லீடிடம் கொடுத்துவிடலாம்.

அதை மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்திவிடாதே என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக உட்கார்ந்திருக்கிறேன்.

கூகுள் 2016-இல் தன் சோதனைகளைப் பற்றி வெளிப்படையாகச் சில கணக்குகள் சொன்னது. கோடில் ஒரு எழுத்தும் மாறாமல் ஒருமுறை பாஸ், ஒருமுறை ஃபெயில் என்று ஆடுகிற ஃப்ளேக்கி சோதனைகளைப் பற்றிய கணக்கு. அவர்களிடம் ஏறத்தாழ 16 சதவீதச் சோதனைகளுக்கு அந்தக் கோளாறு கொஞ்சமாவது இருந்தது. மொத்த ஓட்டங்களில் ஆடியது சுமார் 1.5 சதவீதம்தான். கேட்டால் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். அடுத்த எண்ணைப் பார். பாஸாக இருந்த சோதனை ஃபெயிலாக மாறிய சமயங்களை மட்டும் பிரித்துப் பார்த்தால், அதில் 84 சதவீதம் ஃப்ளேக்கி சோதனையால் வந்தது. சிவப்பைப் பார்த்துவிட்டு எழுந்து ஓடுகிறவர் ஆறில் ஐந்து தடவை வெறுங்கையோடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள். எத்தனை நாளைக்கு ஓடுவார்? ‘அது எப்பவும் அப்படித்தான், மறுபடி போடு’ என்பது எல்லா டெஸ்டிங் டீமிலும் காதில் விழும் வாக்கியம். ஆறாவது தடவை வந்த நிஜமான டிஃபெக்ட்டும் அதே வாக்கியத்தோடு போய்விடும்.

இன்னொன்றும் இருக்கிறது. சோதனை ஆடுவதற்குக் காரணம் எப்போதும் சோதனைதான் என்று நாமாக முடிவு கட்டிவிடுகிறோம். சில நேரம் ஆடுவது அப்ளிகேஷன். சர்வர் பதில் வருவதற்கு முன்பே ‘பணம் செலுத்து’ பட்டன் மறுபடி உயிர் பெற்றுவிடுகிறது என்று வை. நெட்வொர்க் வேகமாக இருக்கும் ராத்திரியில் பாஸ், மெதுவாக இருக்கும் ராத்திரியில் ஃபெயில். நம் ஸ்கிரிப்ட் மறுபடி ஓடிப் பச்சை காட்டிவிடும். வாடிக்கையாளர் மறுபடி அழுத்தினால் இரண்டு முறை பணம் போகும்.

ரீரன் பிளகின்மேல் பழி போடவில்லை. அது நேர்மையான பிளகின். திரும்ப ஓட்டியதை ஒளிப்பதில்லை. ஓடும்போதே ஆர் என்று எழுத்துக் காட்டுகிறது, கடைசி வரியில் எத்தனை ரீரன் என்று எண்ணியும் சொல்கிறது. அந்த எண்ணிக்கை தொலைவது அதற்குப் பிறகு, பாஸ், ஃபெயில் என்று இரண்டே கட்டம் இருக்கும் நம் எக்ஸெல்லிலும் காலை மெயிலிலும். அந்த இடத்தில்தான் நீ எழுத வேண்டிய பிளகினுக்கு வேலை இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்களுக்குக் கிடைத்த டெஸ்டிங் டூல் க்யூடிபி. மெர்க்குரி நிறுவனத்தின் பொருள். 2006-இல் எச்பி அந்த நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது. திறந்தவுடன் ஆட்-இன் மேனேஜர் என்று ஒரு பெட்டி வந்து, வெப் வேண்டுமா, ஜாவா வேண்டுமா என்று கேட்கும். அவை கம்பெனியே விற்ற ஆட்-இன்கள். நாங்களாகச் சேர்த்துக்கொண்டது விபிஸ்கிரிப்ட்டில் எழுதிய ஒரு பொது ஃபங்ஷன் ஃபைல். ஷேர்டு டிரைவில் கிடக்கும். எல்லோரும் அதில் கை வைப்பார்கள், யாரும் அதற்குப் பொறுப்பில்லை. ரெஜிஸ்டர்யூசர்ஃபங்க் என்று ஒரு கட்டளை உண்டு. அதை வைத்து, டெக்ஸ்ட் பாக்ஸில் எழுதும் ‘செட்’ என்கிற செயலையே நம் ஃபங்ஷனால் மாற்றிவிடலாம். ஒரு வரியில் அத்தனை ஸ்கிரிப்ட்டின் நடத்தையும் மாறும். இப்போது நினைத்தாலும் அபாரமான வசதி, அதே அளவுக்குப் பயமும்.

நான் போய்ச் சேர்ந்த ஒரு டீமில் அந்தப் பொது ஃபைல் பல வருடங்களாகக் கைமாறி வந்திருந்தது. ஒவ்வொரு ஃபங்ஷனின் முதல் வரியும் ‘ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்’. என்ன தவறு நடந்தாலும் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்று அர்த்தம். கடைசி வரியில் ரிப்போர்ட்டில் மிக்பாஸ் என்று பதிவு. நடுவில் பட்டனே கிடைக்காவிட்டாலும் கடைசி வரி ஓடும், பாஸ் என்று விழும். ஒரு ரிலீஸில் திரையில் பட்டன் பெயரை மாற்றினார்கள். எங்கள் ரெக்ரஷன் முழுவதும் பச்சை. கிளையண்ட் யூஏடி என்கிற ஏற்புச் சோதனையில் உட்கார்ந்த அன்று காலையே அந்தத் திரை அப்படியே நின்றது. அந்த வரியை முதலில் போட்டவர் கெட்டவர் இல்லை. ராத்திரி ஏதோ ஒரு பாப்அப் வந்து மொத்த ரன்னும் நின்றுபோகாமல் இருக்கப் போட்டிருப்பார். உன் லீட் கேட்பதும் அதே ஆசையில்தான்.

பஞ்சாயத்தில் கணக்குப்பிள்ளை நடந்ததை எழுதுவார், தீர்ப்புச் சொல்ல மாட்டார். ஒரு டெஸ்ட் டூலின் பக்கத்தில் நாம் ஒட்டவைக்கும் எந்தப் பிளகினுக்கும் நான் வைக்கும் விதி இதுதான்: அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாஸ்-ஃபெயில் முடிவு மாறக்கூடாது. தெரியும் விஷயம் மட்டும் கூட வேண்டும். ரீரன் இந்த விதியை மீறுகிறது. அதனால்தான் அதற்குப் பக்கத்தில் ஒரு கணக்குப்பிள்ளை கட்டாயம்.

இனி வேலைக்கு வருகிறேன். பைட்டெஸ்ட்டில் ஒட்டவைக்க இடம் தேடி அலைய வேண்டாம். ஹோல்கர் க்ரெகல் தொடங்கிய அந்த டூல் கிட்டத்தட்ட முழுக்கவும் ஹூக்குகளால், அதாவது நம் கோடை மாட்டும் கொக்கிகளால், ஆனது. அதன் சொந்த வேலைகளையே பிளகின்களாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஹூக்கைக் கூப்பிடும் பகுதியைப் பிளக்கி என்று தனி நூலகமாகப் பிரித்தும் வைத்திருக்கிறார்கள். உங்கள் பக்கத்து டீம் ரோபாட் ஃப்ரேம்வொர்க் என்றாயே, அங்கே இதே வேலையை லிசனர் என்ற பெயரில் செய்வார்கள். நீ முதலில் கான்ஃப்டெஸ்ட் ஃபைலிலேயே எழுதிப் பார். அதுவும் ஒரு பிளகின்தான். தனிப் பேக்கேஜ், பெயர், வெர்ஷன் எல்லாம் இரண்டாவது டீம் வந்து கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம். அப்போது பைட்டெஸ்ட்11 என்ற என்ட்ரி பாயிண்ட்டில் பதிவு செய்தால், நிறுவியவுடன் தானாக ஏறிக்கொள்ளும்.

உனக்கு வேண்டிய ஹூக் ரன்டெஸ்ட் மேக்ரிப்போர்ட். ஒரு சோதனைக்கு செட்டப், கால், டியர்டவுன் என்று மூன்று கட்டம். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் இந்த ஹூக்கைக் கூப்பிடும். ஃபெயில் ஆனால் ஸ்கிரீன்ஷாட் எடு என்று நெட்டில் கிடைக்கும் துண்டுகளை நீயும் பார்த்திருப்பாய். பலவற்றிலும் ‘கட்டம் கால் என்றால் மட்டும்’ என்று ஒரு நிபந்தனை இருக்கும். அப்படியே ஒட்டிக்கொள்ளாதே. உங்கள் லாகின் எங்கே நடக்கிறது? ஃபிக்ஸ்சரில். அது செட்டப் கட்டம். லாகின் விழுந்தால் கால் கட்டமே வராது. நீ சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் உங்கள் ராத்திரி ஃபெயில்களில் பாதி அங்கேதான் இருக்கும் என்று என் சந்தேகம். அங்கே படமே இருக்காது.

அடுத்த சிக்கல், படம் எடுக்க, பிரவுசரை இயக்கும் டிரைவர் எங்கே கிடைக்கும்? ஐட்டத்தின் ஃபங்க்ஆர்க்ஸில் தேடுவார்கள். சோதனை டிரைவரை நேராகக் கேட்டிருந்தால் பெரும்பாலும் கிடைக்கும். சோதனை லாகின் பக்கத்தை மட்டும் கேட்டு, அந்த ஃபிக்ஸ்சர் உள்ளே டிரைவரைக் கேட்டு, அங்கேயே விழுந்துவிட்டால், பிரவுசர் திறந்திருக்கும், ஆனால் ஃபங்க்ஆர்க்ஸில் டிரைவர் இன்னும் ஏறியிருக்காது. ஆகவே டிரைவர் ஃபிக்ஸ்சரே, பிரவுசரைத் திறந்த கையோடு, அந்தச் சோதனையின் ஸ்டாஷில் தன்னைப் போட்டு வைக்கட்டும். பைட்டெஸ்ட் 7-இலிருந்து ஸ்டாஷ் எல்லோரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். ஒவ்வொரு சோதனைக்கும் புதுப் பிரவுசர் என்றால் இது போதும். ஒரே பிரவுசரை ரன் முழுவதும் வைத்திருந்தால் அது செஷனின் ஸ்டாஷில் போய் உட்காரும், அங்கே தேடு.

படம் மட்டும் போதாது. பக்கத்தின் யூஆர்எல், பக்கத்தின் சோர்ஸ், பிரவுசர் கன்சோலில் வந்த ஜாவாஸ்கிரிப்ட் பிழைகள். கடைசியில் சொன்னது குரோமில் கிடைக்கும். ஃபயர்பாக்ஸில் கெக்கோடிரைவர் அந்த வசதியைத் தராது, கேட்டால் பிழை வரும். பிழை வந்தால் என்ன செய்வாய்? இதைக் கவனமாகப் படி. ஹூக்குக்குள் பிடிக்காமல் விட்ட பிழை ஒரு சோதனையோடு நிற்காது. இன்டர்னல்எரர் என்று மொத்த ரன்னும் செத்துப்போகும். பிரவுசரே கிராஷ் ஆகியிருந்தால் ஸ்கிரீன்ஷாட் கேட்கும்போது கட்டாயம் பிழை வரும். அதாவது மிகவும் தேவையான நேரத்தில் உன் பிளகின் ரன்னைக் கொல்லும். ஆகவே பிழையைப் பிடி. பிடித்ததை விழுங்காதே. ‘படம் எடுக்க முடியவில்லை, காரணம் இது’ என்று அந்தச் சோதனையின் ரிப்போர்ட்டிலேயே எழுது. பிரவுசர் செத்துப்போனது என்பதும் ஒரு தடயம்தானே.

ஃபைல் பெயரில் எத்தனையாவது முயற்சி என்பதையும் சேர். ரீரன் பிளகின் ஐட்டத்தில் எக்ஸிக்யூஷன்_கவுண்ட் என்று அதை வைத்திருக்கும். இல்லாவிட்டால் இரண்டாவது முயற்சியின் படம் முதல் படத்தின்மேல் ஏறிவிடும். நமக்கு வேண்டியதோ முதல் படம்.

சோதனைகளைப் பிரித்து ஓட்டும் எக்ஸ்டிஸ்ட் போட்டு நான்கு வொர்க்கரில் ஓட்டுகிறோம் என்று சொன்னாய். பிளகின் எழுதுகிறவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். ஒவ்வொரு வொர்க்கரும் தனி பைத்தான் புராசஸ். உன் பிளகினும் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக ஏறும், அவற்றை நடத்தும் கன்ட்ரோலரிலும் ஒன்று ஏறும். உன் பிளகின் ஒரு லிஸ்ட்டில் சேர்த்துக்கொண்டே போய் கடைசியில் ஃபைலில் எழுதினால், எல்லோரும் ஒரே ஃபைலில் எழுதுவார்கள், கடைசியில் முடித்தவருடையது மட்டும் மிஞ்சும். உன் லேப்டாப்பில் தனியாக ஓட்டும்போது எல்லாம் சரியாக இருக்கும், சர்வரில்தான் காலை வாரும். வழி எளிது. வொர்க்கர் ஃபைல் எழுத வேண்டாம். சொல்ல வேண்டியதை ரிப்போர்ட்டின் யூசர்_பிராப்பர்ட்டீஸில் எழுத்தாகவோ எண்ணாகவோ சேர்த்துவிடு. ரிப்போர்ட்டோடு அது கன்ட்ரோலருக்குப் போகும். டிரைவர் மாதிரிப் பொருளைச் சேர்த்தால் போகாது, ஃபைலின் பாதை போதும். கன்ட்ரோலர் மட்டும் மொத்தக் கணக்கை எழுதட்டும். கான்ஃபிக்கில் வொர்க்கர்இன்புட் என்று இருந்தால் நீ வொர்க்கரில் இருக்கிறாய் என்று அடையாளம்.

உன் லீடின் கேள்விக்குப் பதில் டெர்மினல்_சம்மரி ஹூக்கில் இருக்கிறது. அங்கே கிடைக்கும் டெர்மினல்ரிப்போர்ட்டரின் ஸ்டாட்ஸில் ‘ரீரன்’ என்று ஒரு பட்டியல், ‘பாஸ்ட்’ என்று ஒரு பட்டியல். இரண்டிலும் இருக்கும் பெயர்கள்தாம் ‘விழுந்து எழுந்தவை’. பத்து வரிக் கோடுகூட வராது. அந்த எண்ணை மெயிலில் மூன்றாவது கட்டமாகப் போடு. ஆன்சைட்டுக்குப் பச்சையும் காட்டலாம், பொய்யும் இல்லை. ரீரனை எடுத்துவிடச் சொல்லி லீடிடம் சண்டைக்குப் போகாதே. அந்த மூன்றாவது கட்டத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதே. தினமும் அதே பெயர் அதில் வந்து நின்றால் அவரே கேட்பார்.

பிளகினுக்கும் சோதனை எழுது. டெஸ்டர் எழுதும் கோடுக்கு டெஸ்ட் இல்லாமல் இருப்பதை நான் இத்தனை வருடம் பார்த்துச் சலித்துவிட்டேன். பைட்டெஸ்ட்டர் என்று ஒரு ஃபிக்ஸ்சர் இதற்காகவே இருக்கிறது. ஒரு தற்காலிக ஃபோல்டரில் குட்டி சோதனை ஃபைல் எழுதி, அதன்மேல் பைட்டெஸ்ட்டையே ஓட்டி, எத்தனை பாஸ், எத்தனை ஃபெயில் என்று சரிபார்க்கும். அந்தக் குட்டி ஃபைலில் பாஸ் ஆவது ஒன்று, ஃபெயில் ஆவது ஒன்று, செட்டப்பில் விழுவது ஒன்று, ஸ்கிப் ஒன்று வை. படம் கேட்டால் வேண்டுமென்றே பிழை எறியும் பொம்மை டிரைவர் ஒன்றும் வை. பேக்கேஜ் ஆன பிறகு உன் பிளகினோடு ஒருமுறை, மைனஸ் பி-யில் நோ என்று போட்டு அதை அணைத்துவிட்டு ஒருமுறை ஓட்டு. இரண்டு முடிவும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்னால் சொன்னேனே விதி, அதைக் காவல் காக்கப்போவது இந்த ஒரு சோதனைதான்.

ஆவணத்தில் எழுதியிருக்கும் ஹூக்குகளை மட்டும் பிடி. அடிக்கோட்டில் தொடங்கும் உள்ளறைப் பெயர்களை இறக்குமதி செய்தால் இன்றைக்கு வேலை சுலபம், அடுத்த பெரிய வெர்ஷனில் உடையும். செலினியம் ஐடிஇ கதை உனக்குத் தெரிந்திருக்காது, நீ அப்போது பள்ளிக்கூடம். ஷின்யா கசதானி என்ற ஜப்பானியர் 2006-இல் ஃபயர்பாக்ஸ் ஆட்-ஆனாக அதைக் கொண்டுவந்தார். அதற்குமேல் யூசர்-எக்ஸ்டென்ஷன்ஸ் என்று ஜாவாஸ்கிரிப்ட்டில் ஆளாளுக்குத் தங்கள் கட்டளைகளை ஒட்டவைத்தார்கள். ஃபயர்பாக்ஸ் தன் ஆட்-ஆன் தொழில்நுட்பத்தை மாற்றிக்கொண்டே வந்தது. 2017 ஆகஸ்டில் ஃபயர்பாக்ஸ் 55 வந்தபோது பழைய ஐடிஇ ஓடவில்லை. அதன்மேல் கட்டியவை அத்தனையும் அதோடு நின்றன. பிறகு ஐடிஇயைப் புதிதாக எழுதினார்கள் என்பது வேறு விஷயம். அடியில் இருப்பது நகர்ந்தால் நமக்கு யாரும் சொல்லி அனுப்ப மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் டெஸ்ட் டேட்டா எங்கிருந்து வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள். புரொடக்ஷனிலிருந்து எடுத்ததாக இருந்தால், நீ சேமிக்கும் படத்திலும் சோர்ஸிலும் நிஜ மனிதர்களின் பெயரும் கணக்கு எண்ணும் இருக்கும். யூஆர்எல்லில் டோக்கன் இருக்கலாம். ஷேர்டு டிரைவில் போடும் முன் மறைத்துப் போடு. பழையதை இத்தனை நாளில் அழி என்று ஒரு கணக்கும் பிளகினிலேயே வை. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இது வெறும் நல்ல பழக்கம் என்ற அளவில் இல்லை.

எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு, கிளையண்ட் பெயர் எதுவும் இல்லாமல். சனிக்கிழமை பார்த்துவிடுகிறேன். ரீட்மீயில் இதற்கு யார் பொறுப்பு என்று ஒரு வரி வை. உன் பெயர் போதாது, இன்னொருவர் பெயரும் வேண்டும். உன்னை வேறு புராஜெக்ட்டுக்குத் தூக்கிப் போட்டால் அந்தப் பிளகினும் எங்கள் பழைய விபிஸ்கிரிப்ட் ஃபைல் மாதிரி அனாதையாகிவிடும். அப்ரைசலில் எழுதவும் மறக்காதே. டூல் எழுதினவர்கள் அதைச் சொல்லிக்கொள்ளாமல் விட்டுவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன், முக்கியமாக நம் பெண்கள்.

அக்காவிடம் கேட்டதாகச் சொல். நீ சாப்பாட்டைத் தள்ளிப் போடுகிறாய் என்று அவள் என்னிடம் புகார் சொல்லியிருக்கிறாள். சித்தப்பாவும் விசாரித்தார்.

அன்புடன்,
சித்தி

பி.கு.: மேக்ரிப்போர்ட்டைச் சுற்றிக்கொண்டு எழுத இரண்டு முறை இருக்கிறது. பழைய முறை ஹூக்ரேப்பர். பைட்டெஸ்ட் 8-இலிருந்து ரேப்பர் என்ற புது முறையும் வந்துவிட்டது. புது முறையில் ஈல்டு கொடுக்கும் ரிப்போர்ட்டை நீ கடைசியில் ரிட்டர்ன் செய்தாக வேண்டும். மறந்தால் ரிப்போர்ட் இருக்க வேண்டிய இடத்தில் ‘நன்’ என்ற வெற்று மதிப்பு போய் மொத்த ரன்னும் விழும், பிழைச் செய்தியோ வேறெங்கோ கை காட்டும். உங்கள் சர்வரில் எந்த வெர்ஷன் என்று முதலில் பார்த்துவிட்டு ஒரு முறையைப் பிடித்துக்கொள்.